காவடி எடுக்குமுன் காலைச் சோதியுங்கள்



தைப்பூசம் நெருங்கினால் நம் குழுவினரிடம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "ஐயா, முட்டியில் அறுவை சிகிச்சை செய்து ஆறு மாதம் ஆயிற்று. வலியே இல்லை. காவடி எடுக்கலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் காற்பந்துத் திடலில் லிகமெண்ட் அறுந்த பிள்ளைகள்.

நோயாளியின் பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். முதல் சில மாதங்களில் அந்த நார், வைத்த அன்றிருந்ததைவிடப் பலம் குன்றியிருக்கும். வலியோ அதற்குள் போய்விடுகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

ஆகவே பிசியோதெரபிஸ்டுகள் காலை அளந்து பார்க்கிறார்கள். வீக்கம் உண்டா, முட்டி முழுதும் நீளுகிறதா, முன்தொடைத் தசைக்கு வலு வந்ததா என்று பார்த்தபின் ஒற்றைக் காலில் தாவச் சொல்வார்கள். நல்ல கால் 150 சென்டிமீட்டர் தாவினால், மற்றது 135-ஆவது எட்ட வேண்டும். அதாவது 90 விழுக்காடு. பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன்: இந்த விகிதம் ஏமாற்றக்கூடியது. மாதக்கணக்கில் ஓய்ந்திருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இரண்டு காலும் பலவீனமாக இருந்தாலே 'தேர்ச்சி' கிடைத்துவிடும்! தூரத்தோடு, தரையிறங்கும்போது முட்டி உள்நோக்கிச் சாய்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

2016-இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், 9 மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்தை அறிவீர்கள். 2022 டிசம்பர் 30-இல் கார் விபத்து, மறுமாதமே வலது முட்டியில் லிகமெண்ட் அறுவை. 2024 மார்ச்சில்தான் ஆடத் தகுதியானவர் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 14 மாதம்! அந்த செப்டம்பரில் சேப்பாக்கத்தில், விபத்துக்குப் பின் ஆடிய முதல் டெஸ்டிலேயே 109 ஓட்டங்கள் எடுத்தார். அத்தனை வசதியுள்ளவரே காத்திருந்தார்.

தோளில் பாரம், வெறுங்கால், உறுமிக்கேற்ற ஆட்டம், உடலைத் திருப்பும் சுழற்சி. காவடிக்கென்று எந்தச் சோதனையும் வகுக்கப்படவில்லை. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை, எடை குறைந்த பால்குடம் போதும் என்பது என் கருத்து. அதற்கும் அவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. நேர்த்திக்கடனை ஓராண்டு தள்ளினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

காவடிப் பதிவுப் படிவத்தில் முழங்கால் அறுவை பற்றி ஒரு வரி சேர்க்குமாறு நிர்வாகக் குழுவையும், பிசியோ சிகிச்சைக்குப் போய்வரப் பணமில்லாத பிள்ளைகளுக்குப் பயணச் செலவு தருமாறு நன்கொடையாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.