டெஸ்ட் எல்லாம் நார்மல், உடம்பு மட்டும் பழையபடி இல்லை

(செஞ்சி வட்டம் சிங்கவரத்தில் நடந்த சுகாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசப்பட்டதன் எழுத்து வடிவம்)

கொரோனா போய் இத்தனை வருஷம் ஆச்சே, இப்ப எதுக்கு இந்தப் பேச்சுன்னு சிலருக்குத் தோணும். நியாயம்தான். ஆனா நோய் போயும் களைப்பு போகாதவங்க நம்ம நடுவிலேயே இருக்காங்க. மலைமேல ரங்கநாதரைச் சேவிக்க ஒரே மூச்சுல படி ஏறினவங்க, இப்ப பாதிப் படியில உட்கார்ந்துடறாங்க. ஒருநாள் களை பறிச்சா மறுநாளும் அதுக்கு அடுத்த நாளும் படுக்கைதான். வீட்ல கேட்டா "வயசாச்சு"ங்கறாங்க. நாற்பது வயசுல என்னங்க வயசு?

இதுக்கு மருத்துவத்துல பேர் இருக்கு. லாங் கோவிட், அதாவது நீண்டகால கோவிட். இந்தப் பேரை வெச்சது டாக்டர் இல்லை, நோயாளிதான். இத்தாலியில எலிசா பெரேகோ என்ற தொல்லியல் ஆய்வாளர், தனக்கு வந்த நோய் விடவே இல்லைன்னு 2020 மே மாதம் ட்விட்டர்ல இந்தச் சொல்லை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபர்ல இதுக்கு ஒரு வரையறை கொடுத்தது. தொற்று வந்து சுமார் 3 மாதம் கழிச்சும் தொந்தரவு இருக்கணும், குறைஞ்சது 2 மாதமாவது நீடிச்சிருக்கணும், வேற நோயால வந்ததுன்னு சொல்ல முடியாததா இருக்கணும். கோவிட் வந்த 100 பேர்ல சுமார் 6 பேருக்கு இப்படி ஆகுதுன்னு அதே நிறுவனம் சொல்லுது.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லைங்க. 2006-ல சிக்குன்குனியா வந்தப்ப காய்ச்சல் ஒரு வாரத்துல போச்சு. மூட்டு வலி? சிலருக்கு மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல. அப்ப யாரும் அதை மனப்பிரமைன்னு சொல்லலை, ஊரே நொண்டி நடந்ததைக் கண்ணால பார்த்தோம். இந்தக் களைப்பு வெளியே தெரியாது. ரத்த டெஸ்ட், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் சரியா இருக்கும். "உங்களுக்கு ஒண்ணுமில்லைம்மா"ன்னு அனுப்பிடுவாங்க. அந்த அம்மா வீட்டுக்கு வந்து மருமகள் முகத்துல எப்படி முழிப்பாங்க, சொல்லுங்க.

அப்போ விவரம் தெரிஞ்ச டாக்டரை எங்கே தேடறது? இதுதான் இன்னைக்குப் பேச வந்த விஷயம்.

2020-லேயே சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில கோவிட்டுக்குப் பிந்தைய சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கினாங்க. 2021-ல மத்திய சுகாதார அமைச்சகம், கோவிட்டுக்குப் பின்வரும் பாதிப்புகளை எப்படிக் கவனிக்கணும்னு டாக்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறையும் வெளியிட்டது. ஆனா "லாங் கோவிட்"னு பலகை போட்ட அறையை ஊர் ஊரா தேடினா கிடைக்காது. தேடவும் வேண்டாம். செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போங்க, டவுன் பஸ்ல பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கே பொது மருத்துவ டாக்டரைப் பாருங்க. தேவைப்பட்டா முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்க. சீட்டோட போனா அங்கே அலைச்சல் குறையும்.

போகும்போது ஒரு நோட்டுல நாலு வரி எழுதிக்கிட்டுப் போங்க. எந்த வருஷம் எந்த மாசம் காய்ச்சல் வந்தது, ஆக்சிஜன் வெச்சாங்களா, ஸ்டீராய்டு போட்டாங்களா, முன்னே என்ன வேலை செஞ்சீங்க, இப்ப என்ன முடியலை. முக்கியமா, வேலை செஞ்ச அன்னைக்கு எப்படி, மறுநாள் எப்படின்னு எழுதுங்க. "டயர்டா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா சத்து மாத்திரையோட அனுப்பிடுவாங்க. "துணி துவைச்சா ரெண்டு நாள் எழ முடியலை"ன்னு சொன்னா டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். டெஸ்ட் எடுத்த பேப்பர் தொலைஞ்சு போச்சேன்னு கவலை வேண்டாம். டெஸ்டே எடுக்காம வீட்ல படுத்து எழுந்தவங்களையும் உலக சுகாதார நிறுவன வரையறை சேர்த்துக்குது.

நல்ல டாக்டர் முதல்ல வேற நோய் இருக்கான்னு பார்ப்பார். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, இதயம், காசநோய். இதைத் தட்டிக் கழிக்கறதா நினைக்காதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளிப் பரிசோதனை கட்டாயம், ஆரம்ப சுகாதார நிலையத்துலேயே இலவசம். ஸ்டீராய்டு எடுத்தவங்களுக்கு இடுப்பு வலின்னா, தொடை எலும்பு மூட்டுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கான்னு பார்க்கணும். இரண்டாம் அலைக்கு அப்புறம் நம்ம நாட்டுல அப்படிப் பலர் வந்தாங்க. படுக்க வெச்சு ஒரு தடவை, நிக்க வெச்சுப் பத்து நிமிஷம் நாடி பார்க்கறார்னா, அவருக்கு இந்த விஷயம் தெரியும்னு நம்பலாம். நின்னதும் நெஞ்சு படபடக்கற தொந்தரவு அதுலதான் பிடிபடும்.

லாங் கோவிட்டை ஒரேயடியா தீர்க்கற மருந்து இன்னும் வரலை. தொந்தரவுக்குத் தகுந்த மாதிரி சிகிச்சை உண்டு, பலருக்குக் காலப்போக்குல குறையவும் செய்யுது. பத்து நாள்ல குணம்னு ஆயிரக்கணக்குல பணம் கேட்கறவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. "நல்லா நட, ஓடு, சரியாயிடும்"னு சொந்தக்காரங்க சொல்ற யோசனையும் எல்லாருக்கும் ஒத்துவராது. வேலை செஞ்ச மறுநாள் மோசமாகறவங்க, முடியற அளவுக்குள்ளேயே வேலையைப் பிரிச்சுச் செய்யணும். காலையில பாதி, சாயங்காலம் பாதி. வீட்ல இருக்கற ஆம்பளைங்க தண்ணிக்குடம் தூக்கினா இந்த வைத்தியத்துல பாதி முடிஞ்சது.

2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் வழியா வீடு தேடி வர்றவங்ககிட்டயும் இதைச் சொல்லுங்க. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையோட இயன்முறை சிகிச்சையும் அதுல உண்டு. சந்தேகம்னா 104-க்கு போன் போடலாம். மனசு ரொம்பச் சோர்ந்தா 14416. இந்த நம்பரைக் கொடுக்கறதால நோய் மனசுலதான்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. மூணு வருஷம் யாரும் நம்பலைன்னா எந்த மனசும் சோரும்.

முன்வரிசையில ஒரு அக்கா கை தூக்கறாங்க. கேளுங்கம்மா. நோட்டு இல்லாதவங்களுக்கு இங்கேயே பேப்பர் இருக்கு, எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதித் தர்றோம்.