தூண்டிலில் ஒரு மெல்லிய நரம்பு

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 19ஆம் வாரம், திங்கட்கிழமை. நற்செய்தி வாசகம்: மத்தேயு 17:22-27)



நற்செய்தி நூல்களில் வலை பல இடங்களில் வருகிறது. வலையை வீசுகிறார்கள், இழுக்கிறார்கள், அலசுகிறார்கள், பழுதுபார்க்கிறார்கள். ஆனால் தூண்டில் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அந்த இடம் இன்று நாம் கேட்ட நற்செய்தி. தூண்டில் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரு வசனத்தில் மட்டுமே இருக்கிறது.

நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். கப்பர்நாகுமில் கோவில் வரி தண்டுகிறவர்கள் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆணும் அரை செக்கேல் கொடுக்க வேண்டும் என்பது விடுதலைப் பயண நூலிலேயே உள்ள கட்டளை. பேதுரு வீட்டுக்குள் வந்ததும் இயேசுவே பேச்சைத் தொடங்குகிறார். அரசர்கள் தம் பிள்ளைகளிடம் வரி வாங்குவதில்லை; அப்படியானால் தந்தையின் இல்லத்துக்குப் பிள்ளை வரி கட்டத் தேவையில்லை என்கிறார். நியாயம் முழுவதும் அவர் பக்கம் இருக்கிறது. ஆனாலும் அவர்களுக்கு நாம் இடறலாக இருக்க வேண்டாம் என்று சொல்லி, பேதுருவைத் தூண்டிலோடு கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் ஒரு நாணயம் இருக்கும். அது இருவருக்கும் வரியாகப் போதும்.

வலைக்காரரான பேதுருவின் கையில் ஆண்டவர் ஏன் தூண்டிலைக் கொடுத்தார் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. ஒரு பதில் எனக்குக் கிடைத்தது. மறைநூல் விளக்க நூல்களில் அதை நான் பார்க்கவில்லை. கடலூர்க் கடற்கரையில் ஒரு பெரியவரிடம் கற்றுக்கொண்டேன்.

நெய்வேலியில் நான் பணி செய்த ஆண்டுகளில் அவர் எனக்குப் பழக்கமானார். சுரங்கத்தில் நீர் இறைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெய்வேலிக்காரர்களுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைத் தணித்தால்தான் மேலே நிலக்கரி வெட்ட முடியும். தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வரும். பணிக்காலம் முழுவதும் அந்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு தூண்டிலும் கையுமாகக் கடலுக்குப் போகத் தொடங்கினார். சில சனிக்கிழமைகளில் விடியலுக்கு முன்பே என்னையும் அழைத்துப் போவார்.

முதல் நாள் நான் அவசரப்பட்டேன். “ஐயா, எந்தத் தூண்டில் நல்லது?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “எங்க போடப் போறோம், என்ன மீனுக்குப் போடப் போறோம்னு முதல்ல சொல்லுங்க சாமி. அப்புறம் தூண்டிலைப் பேசலாம்” என்றார்.

மணல் கடற்கரையில் கிழங்கான் பிடிக்க ஒரு கட்டு. கிழங்கானுக்கு வாய் சிறியது. அதனால் காம்பு நீண்ட சின்ன முள். முள்ளின் எண்களில் ஒரு வேடிக்கை உண்டு. 10ஆம் எண் முள் 4ஆம் எண் முள்ளைவிடச் சிறியது. 1/0, 2/0 என்று சுழியோடு வந்தால் கணக்கு தலைகீழாகி, எண் கூடக் கூட முள் பெரிதாகும். மணலில் ஓட்டை போட்ட ஈயக்குண்டை நரம்பிலேயே கோத்துவிட வேண்டும். மீன் இரையைக் கவ்வி நகரும்போது நரம்பு குண்டுக்குள் தாராளமாக ஓடும். பாரம் தெரியாததால் மீன் இரையைத் துப்பாது.

கழிமுகத்தில் கொடுவா பிடிக்க வேறொரு கட்டு. அங்கே மிதவையும் உயிர் இறாலும் வேண்டும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும். ஆகவே முள்ளுக்கு அருகே தடித்த நரம்பு. சீலா வரும் இடமானால் அதன் பல்லுக்கு நரம்பு தாங்காது. மெல்லிய கம்பி கட்ட வேண்டும்.

முடிச்சுக்கு மட்டும் ஒரு காலை முழுவதும் போயிற்று. நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றி, கண்ணை ஒட்டி உண்டான சின்ன வளையத்துக்குள் நுனியைத் திரும்ப விட்டு இறுக்க வேண்டும். நான் வெடுக்கென்று இழுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். உலர்ந்த நைலான் நரம்பை வேகமாக இறுக்கினால் உராய்வில் சூடேறி, முடிச்சுக்குள்ளேயே நரம்பு நலிந்துவிடும். பார்வைக்குத் தெரியாது. பெரிய மீன் இழுக்கும்போதுதான் தெரியும். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். இறுக்கியபின் ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். அறுவதானால் கரையிலேயே அறுந்துவிடட்டும்.

இதற்குப் பிறகுதான் கற்களுக்குப் போனோம். அலையின் வேகத்தைத் தடுக்கக் கடலுக்குள் வளைத்துக் கொட்டிய கல் சுவரை நம் கடற்கரை மக்கள் தூண்டில் வளைவு என்கிறார்கள். தூண்டில் முள் போல வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அந்தக் கற்களின் இடுக்கில் நல்ல மீன் இருக்கும். ஆனால் அந்த இடுக்கிலேதான் குண்டும் சிக்கும். முதல் வீச்சிலேயே எனக்குச் சிக்கியது. இழுத்தேன். குண்டு, முள், வளையம், பாதி நரம்பு எல்லாம் போயிற்று.

அப்போது அவர் தம் கட்டை எடுத்துக் காட்டினார். மூன்று கண் உள்ள சுழல் வளையம் ஒன்று. ஒரு கண்ணில் கையிலிருந்து வரும் தாய் நரம்பு. அதன் கனம் 0.40 மில்லிமீட்டர். இரண்டாம் கண்ணில் முள் கட்டிய நரம்பு; 0.50 மில்லிமீட்டர், ஒரு முழ நீளம். மூன்றாம் கண்ணில் குண்டு கட்டிய நரம்பு. ஒன்றரை முழம், ஆனால் 0.25 மில்லிமீட்டர்தான். இருப்பதிலேயே மெல்லியது அதுதான். குண்டுகூட ஈயம் இல்லை. மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட ஸ்பார்க் பிளக். கல்லில் சிக்கினால் மெல்லிய நரம்பு மட்டும் அறுந்து ஸ்பார்க் பிளக் போகும். முள்ளும் அதில் மாட்டிய மீனும் கைக்கு வரும்.

அவர் சொன்னார்: “பாறைக்கு நம்ம மேல கோவம் ஒண்ணும் இல்ல சாமி. அது புடிச்சா விடாது, அவ்வளவுதான். அது கேக்கும்போது குடுக்கறதுக்கு ஒண்ணு வச்சிருக்கணும். இல்லாட்டி எல்லாத்தையும் எடுத்துக்கும்.”

நல்ல வார்த்தை என்று வீட்டுக்கு வந்து குறித்து வைத்துக்கொண்டேன். குறித்து வைத்தேனே தவிரக் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்து நான் சொல்லப்போவது என் குற்றம்.

அந்த ஆண்டு திருவிழாக் கணக்கை அவர்தான் பார்த்தார். விழா முடிந்து பங்குப்பேரவையில் கணக்கு வாசித்தபோது 240 ரூபாய்க்குச் சீட்டு இல்லை. என்ன செலவு என்று கேட்டேன். ஜெனரேட்டர் பையனுக்கும் மேளக்காரர்களுக்கும் இரவு டிபன் வாங்கியது, கடையில் சீட்டுக் கொடுக்கவில்லை என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். “சீட்டு இல்லாமல் கணக்கில் எப்படி எழுதுவது?” என்று மறுபடியும் கேட்டேன். சுற்றி இருபது பேர் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி மேசைமேல் வைத்தார். “வச்சுக்கங்க சாமி” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அதன்பின் திருப்பலிக்கு வருவார்; கடைசி வரிசையில் நிற்பார்; இறுதிப் பாடல் தொடங்கும்போது இருக்க மாட்டார். கடலுக்கு அழைக்கவும் இல்லை. நான் செய்தது சரிதான் என்று மூன்று மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பங்குக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது சரிதான். இன்றும் அதையே சொல்கிறேன். ஆனால் அதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். இருபது பேர் முன்னால் நான் காப்பாற்றிக்கொள்ள நினைத்தது கணக்கை அல்ல, என் கண்டிப்பை.

பிறகு இதே திங்கட்கிழமை வாசகம் வந்தது. மறையுரைக்குத் தயாரிக்க உட்கார்ந்தேன். வழக்கமாக இந்தப் பகுதியை வாசிக்கும்போது பேதுருவின் பக்கத்தில் நின்று வாசிப்பேன். அன்று அப்படி நிற்க முடியவில்லை. வரி தண்டுகிறவர்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கட்ட வேண்டியதில்லாத பணத்தை ஒருவர் யாருக்கும் இடறலாக வேண்டாமென்று மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறார். அவரை நான் எங்கே பார்த்தேன் என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலையே மந்தாரக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து நரம்பைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். “ஐயா, அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒரு வளையத்தையும் மெல்லிய நரம்பையும் என் பக்கம் தள்ளினார். “இதக் கட்டுங்க சாமி. எச்சில் வைக்க மறந்துடாதீங்க” என்றார். அடுத்த பேரவைக் கூட்டத்தில் அதே இருபது பேர் முன்னால் என் தவறைச் சொன்னேன். அந்த 240 ரூபாயை அவர் திரும்ப வாங்கவே இல்லை.

அன்பானவர்களே, இயேசு அன்று வரிக் காசைப் போகவிட்டார். தம் உரிமையில் ஒரு துண்டை மெல்லிய நரம்பில் கட்டியிருந்தார். பாறை கேட்டது, கொடுத்துவிட்டார். ஆனால் எல்லாவற்றையும் அவர் மெல்லிய நரம்பில் கட்டவில்லை என்பதையும் பாருங்கள். இதே வாசகத்தின் தொடக்கத்தில் தாம் கொல்லப்படப் போவதைச் சொல்கிறார். அந்தப் பாதையிலிருந்து ஓர் அடிகூட விலகவில்லை. அதே கோவிலில் பின்னர் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தவரும் அவரே. கூலி மறுக்கப்படும் தொழிலாளியின் காரியம், வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணின் காரியம், குழந்தைகளின் பாதுகாப்பு, இவையெல்லாம் முள் கட்டிய நரம்பு. இருப்பதிலேயே தடித்ததை அங்கே கட்ட வேண்டும். அங்கே போய்ப் பொறுத்துப் போ, விட்டுக்கொடு என்று யாருக்கும் உபதேசம் செய்யக் கூடாது.

நம்மில் பலர் இதை மாற்றிக் கட்டி வைத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், தேர் தூக்குவது எந்த அன்பியம், அப்பா வீட்டில் அந்தப் பழைய பீரோ யாருக்கு, இவற்றுக்கெல்லாம் தடித்த நரம்பு கட்டுகிறோம். அண்ணன் தம்பி உறவை நூலில் கட்டுகிறோம். பாறையில் சிக்கும்போது பீரோ நிற்கிறது, அண்ணன் போய்விடுகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். எது அறுந்தால் பரவாயில்லை என்று அந்தப் பெரியவர் கல்லில் சிக்கிய பிறகு யோசிப்பதில்லை. முதல் நாளே, வீட்டு வாசலில், கை நடுங்காதபோது கட்டி வைக்கிறார். கோபம் வந்தபின் முடிச்சு மாற்ற நேரம் கிடைக்காது. ஆகவே இன்றிரவு செபம் சொல்லி முடித்தபின் ஐந்து நிமிடம் உட்காருங்கள். உங்கள் வீட்டில், வேலையிடத்தில், பங்கில் அடுத்த சச்சரவு எங்கே வரும் என்று உங்களுக்கே தெரியும். அங்கே நான் எதைப் போகவிடலாம், எதை ஒருபோதும் விடக் கூடாது என்று ஆண்டவர் முன்னால் பிரித்து வையுங்கள். ஏற்கெனவே அறுந்துபோன உறவு ஒன்று இருந்தால், இந்த வாரமே அந்த வாசலுக்குப் போய் நில்லுங்கள். நான் மூன்று மாதம் தாமதித்தேன். நீங்கள் தாமதிக்க வேண்டாம்.

பேதுரு அந்த நாணயத்தைக் கண்டெடுத்தாரா என்று மத்தேயு எழுதவில்லை. ஆண்டவரின் வார்த்தையோடு நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. போய்த் தூண்டில் போட வேண்டியது மட்டும் பேதுருவின் பொறுப்பு. ஒரே நாணயம் இருவருக்கும் என்று சொன்னவர், நம்மோடும் தம்மைச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார். நாம் விட்டுக்கொடுப்பதில் அவருடைய பங்கும் இருக்கிறது.

அன்பின் ஆண்டவரே, எதைப் பிடிப்பது, எதைப் போகவிடுவது என்று அறியும் தெளிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.