கொக்கி விட்ட சங்கிலி

கோவை பெரியகடை வீதியில வாங்கின தங்கச் சங்கிலி, நாலு மாசத்துல கொக்கி விட்டுப் போச்சுன்னு வெச்சுக்குவோம். ரிப்பேருக்குக் கூலி கேட்டா கொடுக்கணுமாங்க? நாமளே இழுத்து அறுத்திருந்தா கொடுக்கத்தான் வேணும். பொடி வெச்சு ஊதிப் பத்தவெச்ச இடமே சரியில்லைன்னா அது செய்நேர்த்திக் குறை; கடைதான் பொறுப்பு. பில்லை எடுத்துக்கிட்டு, நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. சரிவரலைன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் புகார்க் கட்டணமே இல்லை. பில் இல்லாம வாங்கினா கொஞ்சம் மிச்சம்னு நெனைக்கிறவங்கதான் இங்கே திணறுவாங்க!

ஹால்மார்க் தங்கத்தோட தரத்தைச் சொல்லும், கொக்கியோட உறுதியைச் சொல்லாதுங்க. முத்திரையில போட்டதைவிடத் தரம் குறைஞ்சிருந்தா, குறைஞ்ச மதிப்புல ரெண்டு மடங்கும் சோதனைச் செலவும் கடைக்காரர் தரணும்.