சீறாத சுடர்



ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசு ஆபீசிலோ வேலை பார்த்தவர்களுக்கு ஆக்சிஜன் புதிய சங்கதி இல்லை. வாயுவாக அதைப் பார்த்திருக்க மாட்டார்கள், வெள்ளை உப்பாகப் பார்த்திருப்பார்கள். தீக்குச்சி மருந்தில் சேரும் பொட்டாசியம் குளோரேட்டின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு ஆக்சிஜன்தான். ஒரு கிலோ குளோரேட்டுக்குள் ஏறக்குறைய 300 லிட்டர் ஆக்சிஜன் அடைபட்டுக் கிடக்கிறது. கணக்குக்காகச் சொல்கிறேன், யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம். அதே மருந்தில் கந்தகம், பசை இவற்றோடு கண்ணாடித் தூளும் உண்டு. உரசலுக்குப் பிடிமானம் கொடுப்பதும், எரியும் வேகத்தை மட்டுப்படுத்துவதும் அதன் வேலை.

அங்கே எடுபிடியாக இருக்கும் கண்ணாடி நாயகமாக இருக்கும் ஒரு கைத்தொழிலைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. மேசைமேல் ஒரு சின்ன பர்னர், அதன் சுடரில் கண்ணாடிக் குச்சியைக் காட்டி இளக வைத்து, மணியாக உருட்டுவது, அன்னமாக இழுப்பது, குழாயாக ஊதுவது. திருவிழாப் பொருட்காட்சிகளில் சிலர் பார்த்திருக்கலாம். வேதியியல் ஆய்வகங்களுக்கு வேண்டிய குடுவைகளையும் வளைகுழாய்களையும் செய்பவர்களும் இதே கலைக்காரர்கள்தான். சென்னை ஐஐடி போன்ற இடங்களில் இதற்கென்றே தனிக் கூடம் உண்டு.

இந்தக் கலையை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் கொஞ்சம் விசித்திரமானது. செய்த பொருள் எவ்வளவு அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், அதைச் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் செலவானது என்று கேட்பேன். கணக்குப்பிள்ளை புத்தி என்று தோன்றலாம். ஆனால் சுடர் வேலையில் சிக்கனமும் நேர்த்தியும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் சிலிண்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்ணாடிக் கலை உச்சம் தொட்டுவிட்டது. ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. வெம்பக்கோட்டை அருகே விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், தமிழ்நாடு தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தொடங்கி மூன்று கட்டமாக அகழாய்வு செய்தது. சங்கு வளையல், சுடுமண் பொருள்களோடு கண்ணாடி மணிகளும் ஏராளமாகக் கிடைத்தன. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடியைக் குழாயாக இழுத்து மணி நறுக்கினார்கள். திருப்பதிக்குப் பக்கத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அதே பழைய முறை நம் காலம் வரை நீடித்தது. அங்கெல்லாம் விறகு உலைதான், வெறும் காற்றுதான்.

உலையை விடுங்கள், மேசை வேலையிலும் இதே கதைதான். லியோபோல்டு பிளாஷ்கா, அவர் மகன் ருடால்ஃப் என்ற இரண்டு பேர், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக 1887 முதல் 1936 வரை கண்ணாடியில் செடிகளும் பூக்களும் செய்தார்கள். நாலாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்கள். மகரந்தத் தாள்கூடக் கண்ணாடிதான். அவர்கள் பயன்படுத்தியது ஒரு விளக்கும், காலால் மிதிக்கும் துருத்தியும். அதைவிட நுட்பமான வேலையை இன்றைய பெரிய பர்னர்களில் நான் பார்த்ததில்லை.

அப்படியானால் ஆக்சிஜன் எதற்கு? காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். அது எரியவும் எரியாது, சும்மாவும் இருக்காது. சுடரின் சூட்டில் பங்கு வாங்கிக்கொண்டு போய்விடும். காற்றில் எரியும் புரொப்பேன் சுடர் சுமார் 1,980 பாகை செல்சியஸ் வரை போகும். அதே வாயு தூய ஆக்சிஜனில் எரிந்தால் 2,800 பாகையைத் தொடும். வளையல் கண்ணாடி போன்ற மென்கண்ணாடி 700 பாகைக்குக் கொஞ்சம் மேலே இளகிவிடும், அதற்குக் காற்றுச் சுடரே போதும், கை வேகம்தான் குறையும். ஆய்வகக் குடுவை செய்யும் போரோசிலிகேட் கண்ணாடி 820 பாகையில்தான் இளகத் தொடங்கும், தாராளமாக இழுபட 1,200 பாகைக்கு மேல் வேண்டும். அங்கே ஆக்சிஜன் இல்லாமல் தீராது.

இப்போது செலவுக் கணக்கு. ஒரு லிட்டர் புரொப்பேன் முழுதாக எரிய ஐந்து லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் கேஸ் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம். சுடர் சுற்றுக் காற்றிலிருந்தும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்பதால் பர்னரில் நான்கு சொச்சம் விட்டாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். எப்படிப் பார்த்தாலும் பட்டறையில் முதலில் தீர்வது ஆக்சிஜன்தான். பெரிய ஆக்சிஜன் சிலிண்டரில் இருப்பது ஏழு கன மீட்டர், அதாவது ஏழாயிரம் லிட்டர். ஏழாயிரம்பண்ணையின் பெயரில் இருக்கும் அதே ஏழாயிரம். நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் எட்டு மணி நேரத்துக்குள் காலி. 5 லிட்டரில் நிறுத்தினால் 23 மணி நேரம் வரும். வேலை ஒன்றுதான், திருகைத் திருப்பிய விரல்தான் வேறு.

தார்ன்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1917இல் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். பெட்ரோல், மெழுகு, எரிவாயு என்று எதை எரித்தாலும், தீர்ந்துபோகும் ஒவ்வொரு லிட்டர் ஆக்சிஜனுக்கும் கிடைக்கும் வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவு. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பது சுமார் 1,400 வாட். நம் சமையலறை கேஸ் அடுப்பின் சின்ன பர்னர் தரும் சூடு அவ்வளவுதான். சின்ன பர்னரில் பால் காய்ச்சலாம், ஐம்பது பேருக்குச் சோறு வடிக்க முடியாது. ஒரு மணி உருட்ட எவ்வளவு தீ வேண்டும் என்பதையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

வானொலியில் சுடரை உங்களுக்குக் காட்ட முடியாது. ஆனால் சுடரைக் காதாலும் அறியலாம். வாயுவும் ஆக்சிஜனும் வாயில் வந்து கலக்கும் வகை பர்னரில், ஆக்சிஜன் மிகுந்தால் சுடர் சீறும். பர்னர் முகத்தில் வரிசையாக நிற்கும் நீலக் கூம்புகள் சுருங்கி, ஊசிமுனையாகிவிடும். புதிதாக வருபவர்கள் அந்தச் சீறலைச் சூடு என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் தேவைக்கு மேல் போன ஆக்சிஜன், நைட்ரஜன் செய்த வேலையையே செய்கிறது. தானும் எரியாமல், சூட்டையும் வாங்கிக்கொண்டு ஓடுகிறது. காசும் போய், சூடும் போகிறது. மறுபக்கம் ஆக்சிஜன் குறைந்தால் கூம்புகள் நீண்டு, நுனி மஞ்சளாகி, கண்ணாடியில் புகை படியும். இரண்டுக்கும் நடுவே, கூம்பு அரிசி மணி நீளத்தில் தெளிவாக, சத்தம் அடங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. கூம்பு நுனிக்குச் சற்று முன்னால்தான் சூடு உச்சம். குச்சியை அங்கே பிடிக்கத் தெரிந்தவர் பாதிச் சுடரில் வேலையை முடித்துவிடுவார்.

கண்ணாடியே இதற்குச் சாட்சி சொல்லும். தாமிரம் கலந்த நீலப்பச்சைக் குச்சி நிறைவான சுடரில் நிறம் மாறாது. ஆக்சிஜன் பட்டினியில் காட்டினால் செங்கல் நிறத்துக்குத் திரும்பிவிடும். ஈயம் கலந்தது கருத்துப்போகும். தெரியாமல் நடந்தால் அது பிசகு, தெரிந்தே கடைசி நொடிகளில் ஆக்சிஜனைக் குறைத்து, வெள்ளி கலந்த கண்ணாடியில் மினுமினுப்பு ஏற்றுபவர் உண்மையான கைகாரர். ஆக்சிஜனைக் குறைப்பது அவருக்குச் செலவு விஷயம் மட்டுமில்லை, அதுவே அவருடைய வண்ணப் பெட்டி. பட்டாசுக்குப் பேரியத்தில் பச்சையும் ஸ்ட்ரான்சியத்தில் சிவப்பும் எடுக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மற்ற சிக்கனங்கள் எல்லாம் பழக்கம்தான். குச்சிகளைச் சூட்டுத் தட்டில் வைத்துக்கொண்டால் சுடரில் நிற்கும் நேரம் குறையும். அடுத்த குச்சியைத் தேடும்போது சுடரைச் சிறிதாக்க ஒரு மிதி வால்வு போதும். நடுச்சுடர், வெளிச்சுடர் என்று இரண்டு உள்ள பர்னரில், வெளிச்சுடரைத் திரள் இளக்கும்போது மட்டும் திறக்கலாம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தால் கசிவு தெரியும். எண்ணெயோ கிரீசோ ஆக்சிஜன் இணைப்பில் படவே கூடாது.

2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலையின்போது, ஆக்சிஜன் என்றால் என்ன என்று நாடே கற்றுக்கொண்டது. ஏப்ரல் 22 முதல் தொழில்களுக்கு ஆக்சிஜன் கொடுப்பதை மத்திய அரசு நிறுத்தி, ஒன்பது வகைத் தொழில்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. உருக்காலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, அணுசக்தி என்ற பெரும்புள்ளிகளுக்கு நடுவே, ஊசி மருந்து அடைக்கும் ஆம்பூலும் கண்ணாடிக் குப்பியும் செய்யும் தொழிலுக்கும் இடம் கிடைத்தது. ஆம்பூலின் கழுத்தை இழுப்பதும் சுடர் வேலைதானே. அதே மாதம் 27ஆம் தேதி, 2018இலிருந்து மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் பகுதியை மட்டும் இயக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த வாரங்களில் அலங்கார மணிக்காக ஒரு சிலிண்டர் கேட்பதற்கு யாருக்கும் வாய் வந்திருக்காது. வரவும் கூடாது.

அந்த அலையில் வீடுகளுக்கெல்லாம் அறிமுகமான ஆக்சிஜன் செறிவூட்டிதான் சுடர் வேலைக்காரருக்கு நல்ல துணை. காற்றிலிருந்து நைட்ரஜனைச் சியோலைட் என்ற கனிமத்தில் பிடித்து வைத்துவிட்டு, நிமிடத்துக்கு 5 லிட்டர், சுமார் 93 சதவீத ஆக்சிஜன் தரும். மின்சாரம் மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். வெளிநாடுகளில் மருத்துவமனை கழித்த இயந்திரங்களை வாங்கி மணி செய்பவர்கள் ஏராளம். எனக்கு இதில் பிடித்தது விலை மட்டுமில்லை, அதன் பிடிவாதம். 5 லிட்டருக்கு மேல் இழுத்தால் தூய்மை குறைந்து சுடர் தளர்ந்துவிடும். அளவோடு வேலை செய்ய அதுவே கற்றுக்கொடுத்துவிடுகிறது. சுடரின் புகைக்காற்று படாத இடத்தில் வைத்து, வடிகட்டியை ஒழுங்காகக் கழுவ வேண்டும். மின்வெட்டில் சுடர் மஞ்சளாகும், உடனே வாயுவை அடைக்க வேண்டும்.

பற்றவைக்கும்போது முதலில் வாயு, பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு வாயு. தீ குழாய்க்குள் திரும்பாமல் தடுக்கும் வால்வு இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இளகும் கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியத்தின் மஞ்சள் ஒளி வேலையையே மறைத்துவிடும், அதற்கு டிடிமியம் மூக்குக்கண்ணாடி. பட்டாசு வட்டாரத்துக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கந்தகத்தோடு குளோரேட் சேர்த்த பட்டாசு மருந்துக்கு 1992 முதல் தடை இருக்கிறது. 2021இல் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததையும் யாரும் மறக்கவில்லை. மருந்து கலக்கும் ஷெட்டுக்கு அருகில் மட்டுமல்ல, மருந்து படிந்த உடுப்போடும் இந்தச் சுடர் முன்னால் உட்காரக் கூடாது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு என் யோசனை: காற்றுச் சுடரில் மென்கண்ணாடி மணியில் தொடங்குங்கள். கை பழகிய பிறகு ஒரு செறிவூட்டி. போரோசிலிகேட்டில் பெரிய குழாய் ஊதும் வேலை வந்தால் அப்போது போய் சிலிண்டர் எடுத்துக்கொள்ளலாம்.