கொசுவிரட்டிச் சாமந்தி: தொட்டியில் வைத்தால் போதுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'கொசுவை விரட்டும் சாமந்தி' என்று ஒரு செடியின் படம் நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. வீட்டுக்கு இரண்டு தொட்டி சங்கமே வாங்கித் தரலாம் என்று யோசனையும் வந்திருக்கிறது. பணம் கொடுக்குமுன் அந்தச் செடியைப் பற்றி நாலு வார்த்தை.

பெயர் பைரீத்ரம். வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள், பல வருஷம் நிற்கும் செடி. நம் சாமந்திக்கு உறவு. சொந்த ஊர் அட்ரியாட்டிக் கடலோரத்து டால்மேஷியா. சரக்கு உண்மைதான்: காய்ந்த பூவில் உள்ள பைரீத்ரின் பூச்சியின் நரம்பைத் தாக்கும். ஜப்பானில் உயேயாமா எய்இச்சிரோ என்பவர் 1890-இல் அந்தப் பொடியை ஊதுபத்தியாக்கினார். சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் செய்யலாமே என்று சொன்னது அவர் மனைவி யூகி. 1902-இல் கடைக்கு வந்த அந்தச் சுருள்தான் நம் கொசுவத்திக்குப் பாட்டி. இப்போதைய சுருளில் பெரும்பாலும் பூப்பொடி இல்லை, அதைப் பார்த்து ஆலையில் செய்த ரசாயனம்தான்.

நம் நாட்டிலும் காஷ்மீரிலும் நீலகிரியிலும் பயிரிட்டார்கள். நீலகிரி என்பதைக் கவனியுங்கள். மொட்டு வைக்கவே குளிர் வேண்டும். தம்மம்பட்டி வெயிலில், அதுவும் மேற்குப் பார்த்த பால்கனியில், பாவம் அது. அப்படியே பூத்தாலும் மருந்து பூவின் விதைப்பகுதிக்குள் அடங்கிக் கிடக்கும், காற்றில் பரவாது. கொசு அந்தச் செடி மேலேயே உட்கார்ந்திருக்கும்.

என் கவலை தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். பகலில் கடிப்பது, ஆகவே ராத்திரி கொளுத்தும் சுருள் இதற்குப் பெரிதாக உதவாது. முட்டையைத் தண்ணீரில் அல்ல, ஈர விளிம்பில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது, நார் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஆகவே இரண்டு தொட்டி வாங்கும் காசில் மேல்நிலைத் தொட்டிகளின் உடைந்த மூடிகளை மாற்றலாம், படிக்கட்டு ஜன்னல்களுக்கு வலை அடிக்கலாம் என்பது என் கருத்து. செடி ஆசை உள்ளவர்கள் தாராளமாக வளருங்கள். தட்டை மட்டும் ஞாயிறுதோறும் தேயுங்கள். ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டையும் சேர்த்துத்தான்.