கோழிக்கு வரும் கட்டிகள்

வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள், அவற்றுள் ஒன்றின் உடம்பில் ஏதோ புடைத்திருக்கக் கண்டவுடன், மனிதருக்கு வரும் கட்டியைப் போலவே அதையும் பாவித்து, பற்றுப் போட்டுப் பழுக்கவைத்து, பின்பு பிளேடால் கீறிச் சீழை வெளியேற்ற முயல்வது சகஜம். இந்த வைத்தியம் நமக்குப் பலிப்பதற்கும் கோழிக்குப் பலிக்காமற் போவதற்கும் சரீர அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. சீழை இளக்கி நீராக்கும் சக்தி நம் இரத்தத்து வெள்ளணுக்களுக்கு உண்டு. பறவைகளின் வெள்ளணுக்களிலோ அதற்கு வேண்டிய நொதிகள் குறைவு. ஆகவே கோழியின் சீழ் திரிந்த பாலின் கட்டியைப் போல இறுகிக் கிடக்குமேயன்றி வழிந்தோடாது. கீறினால் வருவது பெரும்பாலும் இரத்தமே.

கத்தியைத் தேடுமுன், கண்டது கட்டிதானா என்று நிச்சயித்துக்கொள்வது நலம். மாலையில் கழுத்தின் அடியில், சற்றே வலப்புறமாகப் புடைத்திருப்பது தீனிப்பை. விடிந்து பார்த்தால் வற்றியிருக்கும். வாலின் அடியில் மேற்புறத்தில் இருக்கும் சிறு முண்டு எண்ணெய்ச் சுரப்பி; கோழி தன் அலகால் அதைத் தொட்டுத் தொட்டுத்தான் இறகைக் கோதிக்கொள்கிறது. இவ்விரண்டையும் ரோகமென்று மயங்கி மருந்து தேடுகிறவர்கள் உண்டு.

கொண்டையிலும் தாடியிலும் கண்ணைச் சுற்றியும் பரு பருவாகக் கிளம்பிக் கறுத்துப் பொருக்குக் கட்டுவது கோழி அம்மை. கொசுவும் பரப்புகிற வைரஸ் நோய் அது, மனிதருக்குத் தொற்றுவதன்று. பொருக்கைப் பிய்த்தால் புண்ணாவதோடு, உதிர்ந்த பொருக்கிலிருந்தே மற்றக் கோழிகளுக்கும் நோய் பரவும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசும் பாட்டிமார் கைம்மருந்தை நான் இகழமாட்டேன். அம்மைக் கிருமியை அது அழிக்கிறதென்று சொல்லாமல், புண்ணில் ஈ மொய்க்காமல் காக்கிறதென்று சொன்னால் போதும். தோலோடு நிற்கும் அம்மை சில வாரங்களில் தானே ஆறிவிடும். கண் மூடிப்போன கோழிக்குத் தீனியும் தண்ணீரும் நாமே ஊட்டவேண்டும். வாய்க்குள் மஞ்சள் படலம் படர்ந்து மூச்சுத் திணறினாலும், கண்ணுக்குக் கீழே முகம் வீங்கி மூக்கிலிருந்து துர்நாற்றத்தோடு நீர் வடிந்தாலும், வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குப் போவதே உசிதம்.

இல்லத்திலேயே நாம் உண்மையாக உதவக்கூடியது பாதக் கட்டிக்குத்தான். கூரான கல்லோ முள்ளோ கிழித்த உள்ளங்காலின் வழியே கிருமி புகுந்து, பாதம் வீங்கி, நடுவில் கரிய பொருக்கு ஒன்று அமர, கோழி நொண்டத் தொடங்கும். 1880ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து தேசத்து அபர்தீன் நகரின் அறுவை வைத்தியர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் மனிதரின் சீழ்க்கட்டிகளில் கண்டறிந்து விவரித்த ஸ்டாபிலோகாக்கஸ் இனக் கிருமிதான் பெரும்பாலும் இதற்கும் காரணம். ஆதலால் கையுறை இல்லாமல் இதைத் தொடவேண்டாம்.

ஒருவர் கோழியைத் துணியால் சுற்றிக் கண்ணை மறைத்துப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் சிகிச்சை செய்வது சௌகரியம். பிடிப்பவர் மார்பை இறுக்கலாகாது. நமக்கிருப்பதுபோல உதரவிதானம் கோழிக்கு இல்லாமையால், மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் அதற்குச் சுவாசம் நடைபெறும். பேதியுப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவைத்து, ஈரம் ஒற்றி, பொவிடோன் அயோடின் தடவி, சுத்தமான துணியால் கட்டி, தினந்தோறும் கட்டை மாற்றவேண்டும். விரல்கள் வீங்குமளவு இறுக்கிக் கட்டலாகாது. பொருக்கு தானாகத் தளர்ந்து வந்தால் வரட்டும். தோண்டுவது கூடாது, ஏனெனில் அதற்கு அடியிலேயே தசைநாண்கள் ஓடுகின்றன. வீக்கம் காலில் மேலேறினாலோ, கோழி காலை ஊன்ற மறுத்தாலோ, உள்ளே இறுகிய சீழை எடுப்பது மருத்துவர் வேலை. அவர் கொடுக்கும் மருந்து உடம்பில் இருக்கும் வரையில் முட்டையை உண்ணலாகாது. எத்தனை நாள் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

புண்பட்ட கோழியைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து, உலர்ந்த வைக்கோல் பரப்பி வைப்பது அவசியம்; சிவந்த புண்ணைக் கண்டால் உடன்பிறந்த கோழியும் கொத்தாமல் விடுவதில்லை. கட்டி ஆறி மறுபடியும் வருமாயின், மருந்தைக் குறைகூறுவதற்கு முன் கோழி அடையும் இடத்தைப் பார்க்கவேண்டும். உயரத்திலிருந்து தினமும் கடினமான தரையில் குதிப்பதனால் பாரமான சேவல்களின் பாதம் நசுங்குகிறது. உட்காரும் கட்டையைத் தாழ்த்தி, அதன் விளிம்புகளை இழைத்து, கீழே ஈரமும் எச்சமும் தேங்காமல் உமியையோ வைக்கோலையோ பரப்பிவிட்டால், கட்டுத்துணிக்கு வேலை குறையும்.