ஐந்தாவது கேள்வி

ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னால் அறிவிப்பாளர் என்னென்ன சொல்வார்? படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்த நாலும் தண்ணீர் பட்ட பாடு. விழுப்புரம் மாவட்டம் முகையூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், பல்லவி தொடங்கும் முன்பே நாலையும் சொல்லிவிடுவார். அவரிடம் ஐந்தாவதாக ஒன்று கேட்டுப் பாருங்கள்: "ஐயா, நடுவுல அந்த கிட்டாரை வாசிச்சது யாரு?" பெரியவர் வாயைத் திறக்கமாட்டார். அவர்மேல் குற்றமில்லை. அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் எழுதி வைக்கவும் இல்லை.

இந்த ஐந்தாவது கேள்வியை விடாமல் கேட்கிற ரசிகர்கள் உலகத்தில் உண்டு. ஒரு இசைக்குழுவைப் பிடித்துப் போனால், பாட்டு நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்த மாட்டார்கள். எந்தத் தேதி பதிவானது, எத்தனை முறை பாடிப் பார்த்தார்கள், அன்று அறைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று துருவுவார்கள். இந்தக் கூட்டத்துக்கெல்லாம் பெரியண்ணன் என்று ஒருவரைச் சொல்வதானால் அது இங்கிலாந்தின் மார்க் லூயிசன்தான். பீட்டில்ஸ் குழுவின் ரசிகர். அவர்களுடைய பதிவுகளைப் பற்றி எழுத, லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் இருந்த மூல ஒலிநாடாக்களை இஎம்ஐ கம்பெனி அவருக்குக் கேட்கக் கொடுத்தது. 1962 முதல் 1970 வரை நாள்வாரியாகப் போகிற அந்தப் புத்தகம் 1988ல் வந்தது.

அதனால் என்ன தெரிந்துவிட்டது என்று கேட்பீர்கள். 1965 ஜூன் 14ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்றைக்குக் குழுவின் பால் மெக்கார்ட்னி தொண்டை கிழியக் கத்திப் பாடிய ஒரு ராக் பாட்டு பதிவானது. பெயர் 'ஐ'ம் டவுன்'. அதே நாளில், அதே தொண்டையில், தனியாக ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு 'யெஸ்டர்டே'யையும் அவர் பாடி முடித்தார். பின்னால் வருகிற வயலின்களைச் சேர்த்தது மூன்று நாள் கழித்து. இரண்டு பாட்டையும் எத்தனை முறை கேட்டாலும் இது தெரியாது. தேதி போட்டு எழுதி வைத்தால்தான் தெரியும். தெரிந்த பிறகு கேட்கிறபோது, அந்தக் குரலின் மேல் வருகிற மரியாதையே வேறு.

லூயிசனுக்கு ஒரு வசதி இருந்தது. ஒலிநாடாப் பெட்டியின் மேலேயே தேதி, பாட்டு, எத்தனையாவது முறை என்று பொறியாளர்கள் குறித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்கான இடத்தில்கூட ஐந்தாவது கேள்வி தடுக்கி விழுந்தது. எங்கே தெரியுமா? நம்மவர்கள் வாசித்த இடத்தில்.

1966ல் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' இசைத்தட்டில் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனின் ஒரு பாட்டுக்குத் தபலா வாசித்தவர் அனில் பாகவத். அவர் பெயர் உறையில் அச்சானது. அடுத்த ஆண்டு 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தது. அதில் ஹாரிசனின் 'விதின் யூ விதவுட் யூ' இந்திய வாத்தியங்கள்மேல் எழுந்த பாட்டு. மார்ச் 15ஆம் தேதி லண்டன்வாழ் இந்தியக் கலைஞர்கள் வந்து வாசித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உறையில் மர்லின் மன்றோ இருந்தார், கார்ல் மார்க்ஸ் இருந்தார். வாசித்தவர்கள் பெயர் மட்டும் இல்லை. உலகமெல்லாம் கோடிக்கணக்கான வீடுகளில் அந்தத் தட்டு சுழன்றது. தில்ரூபா அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜர். தம்புரா புத்ததேவ் கன்சாரா. தபலா நட்வர் சோனி என்று நாலு பேர் அடையாளம் தெரிய 2017 வரை ஆயிற்று. ஐம்பது வருஷம்!

1968 ஜனவரியில் ஹாரிசன் பம்பாய்க்கே வந்தார். அங்கே எச்எம்வி ஸ்டூடியோவில் நம் கலைஞர்களை வைத்து ஒரு படத்துக்கு இசை பதிவு செய்தார். அந்தச் சமயத்தில் பதிவான ஒரு மெட்டுதான் 'தி இன்னர் லைட்' என்ற பீட்டில்ஸ் பாட்டாக அதே ஆண்டு வெளிவந்தது. அந்தப் பம்பாய் பதிவுகளில் வாசித்தவர்களில் புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியாவும் ஒருவர். இருபது வருஷம் கழித்து, 1988ல், இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் ஊதியவரும் இவரே. பீட்டில்ஸின் லிவர்பூலிலிருந்து இளையராஜாவின் பண்ணைப்புரத்துக்கு வழி பார்த்தீர்களா? படத்தையும் பாடகரையும் மட்டும் குறித்து வைத்தால் இந்த வழி கண்ணில் படவே படாது.

இன்னொரு கூத்தும் உண்டு. பல நாடுகள் 78 சுற்று அரக்குத் தட்டைக் கைவிட்ட பிறகும் கல்கத்தா டம்டம் இசைத்தட்டுத் தொழிற்சாலை அதை விடவில்லை. கரண்டு வராத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டுகிற கிராமபோன்தானே இருந்தது! அதனால் பீட்டில்ஸ் பாட்டுகளும் இங்கே 78 சுற்றில் அச்சாயின. இன்று அந்த இந்தியத் தட்டுக்கு வெளிநாட்டு ரசிகர்கள் கொடுக்கிற விலையைக் கேட்டால் நமக்குத் தலைசுற்றும்.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். சென்னையில் பழைய திரைப்பாடல் பதிவுகளுக்கு லூயிசன் பார்த்த மாதிரி ஒழுங்கான பெட்டி எதுவும் காத்திருக்கவில்லை. வாத்தியக்காரர் வந்தார், நொட்டேஷனைப் பார்த்து வாசித்தார், சம்பளம் வாங்கினார், அடுத்த ரெக்கார்டிங் தியேட்டருக்கு ஓடினார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற ஒரு மனிதர் சொந்த ஆர்வத்தில் திரட்டி வைத்திருக்காவிட்டால், எந்தப் படம் எந்த ஆண்டு வந்தது என்பதிலேயே நமக்குத் தகராறு இருந்திருக்கும். அவர் திரட்டியதைத் தமிழக அரசே விலை கொடுத்து வாங்கியது. இசைத்தட்டுகளைத் திரட்டியவர் வி.ஏ.கே. ரங்காராவ். இவர்களெல்லாம் முதல் நாலு கேள்விக்கு ஆயுள் முழுக்க உழைத்தவர்கள். ஐந்தாவது நமக்கு மிச்சம்.

அதற்கு முதல் ஆவணம் தட்டுதான். விழுப்புரம், திண்டிவனம், திருக்கோவிலூர் என்று எந்த ஊரிலும் பழைய மைக் செட்காரர் வீட்டில் ஒரு தகரப் பெட்டி பரண்மேல் கிடக்கலாம். கல்யாணத்துக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போட்ட பெட்டி. ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய காகிதத்தில் கம்பெனி எண் இருக்கும். காகிதத்துக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையில் வழவழப்பான கருப்பு வளையம் ஒன்று உண்டு. அதில் ஊசியால் கீறியது போலவோ அச்சுக் குத்தியது போலவோ இன்னொரு எண் தெரியும். அதுதான் பதிவின் எண். காகிதத்தை மாற்றி ஒட்டலாம், அதே பாட்டை வேறு எண்ணில் மறுபடி விற்கலாம். வளையத்து எண் அவ்வளவு சுலபமாக மாறாது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் பிடிக்கும். அதனால் படத்தில் இருக்கிற ஒரு சரணம் தட்டில் இல்லாமல் போகலாம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தட்டு இதுவரைதான் சொல்லும். மற்றதை மனிதர்களிடம் கேட்க வேண்டும். எம்.எஸ்.வி. குழுவில் கிட்டார் பிலிப்ஸ், டிரம்ஸ் நோயல் கிராண்ட், புல்லாங்குழல் நஞ்சப்பா. இளையராஜாவிடம் கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், கீபோர்டு விஜி மேனுவல், வயலின் வி.எஸ். நரசிம்மன். வெளிநாட்டில் பிறந்திருந்தால் இவர்கள் ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கனமான புத்தகம் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். வாத்தியக்காரர் பெயரை கேசட், சிடி உறையில் அச்சிடுவதை ஒரு வழக்கமாக்கியவர் ஏ.ஆர். ரகுமான். அவரே சிறுவயதில் கீபோர்டு வாசிக்கப் போனவர். அதனால்தான் கீத் பீட்டர்ஸ் பேஸ் வாசித்தார், நவீன் குழல் ஊதினார் என்று இன்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயதான கலைஞர் ஒருவர் "அது நான் வாசிச்சது" என்றால் உடனே மையில் எழுதாதீர்கள். பென்சிலில் எழுதுங்கள். அவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் ஒரே வாரத்தில் மூன்று தியேட்டரில் வாசித்தவர். எந்த ஸ்டூடியோ, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், பாடகர் அன்று வந்தாரா, வேறு நாளில் வந்து பாடினாரா என்று கேளுங்கள். அந்தப் பக்கத்துக்காரரிடமும் போய்க் கேளுங்கள். இரண்டு பேர் சொல்வதும் பொருந்தினால் மை.

இளையராஜா மொத்தம் எத்தனை பாட்டு போட்டார் என்ற எண்ணிக்கைச் சண்டையில் நம் ரசிகர்கள் செலவழிக்கிற நேரம் கொஞ்சமல்ல. அதில் பாதியை இந்த ஐந்தாவது கேள்விக்குக் கொடுக்கலாம். புருஷோத்தமன் 2020ல் போய்விட்டார். அவரோடு எத்தனை பதில்கள் போயின என்று கணக்கெடுக்கக்கூட நம்மிடம் பட்டியல் இல்லை.

தொடங்க நினைக்கிறவர்கள் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும், ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். மேலே தட்டின் இரண்டு எண்கள், கீழே வாத்தியங்கள் கேட்கிற வரிசையில், ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயர் எழுத இடம் விட்டு வையுங்கள். மைக் செட்காரர் வீட்டுக்குப் போகும்போது தட்டை விலைக்குக் கேட்காமல், போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்; எந்தக் கல்யாணத்துக்கு வாங்கியது என்பதில் ஆரம்பித்து அவரே வருஷத்தைச் சொல்லிவிடுவார்.